கம்பத்துக்கு அந்தாண்ட

சாந்தோமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கதை மனப்பாடமாக இருக்கும். கோயிலுக்குப் பின்னால், கடற்கரைக்கு இறங்கும் வழியில் ஒரு மரக்கம்பம் நட்டிருக்கிறது. தோமையார் கம்பம். ஒரு காலத்தில் பெரிய மரம் ஒன்று வெள்ளத்தில் அடித்து வந்து ஒதுங்கியதாம். ராஜாவின் ஆட்களாலும் யானைகளாலும் அதை நகர்த்த முடியவில்லையாம். தோமையார் தன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து, மரத்தில் கட்டி, ஆட்டுக்குட்டியை இழுத்துப் போவதுபோல இழுத்துப் போனாராம். அதில் ஒரு துண்டை இங்கே நட்டு, கடல் இதைத் தாண்டி வராது என்று சொன்னாராம். கதை இவ்வளவுதான். 2004-க்கு முன்னால் இந்தக் கதையை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. கம்பத்தைச் சுற்றி நாங்கள் கண்ணாமூச்சி ஆடுவோம். மேடையில் யாராவது வலை காய வைத்திருப்பார்கள்.

எங்கள் வட்டாரத்தில் சர்ச் என்று சொல்வது குறைவு. கோயில்தான். வெள்ளைவெளேரென்று, கூரான கோபுரத்தோடு இப்போது நிற்கிற கட்டடம் 1896-ல் வெள்ளைக்காரர்கள் காலத்தில் எழுந்தது. அதற்கு முன் அதே இடத்தில் போர்ச்சுகீசியர் கட்டிய கோயில் இருந்தது. 1956-ல் பசிலிக்கா ஆனது. 1986-ல் போப் இரண்டாம் ஜான் பால் வந்துபோனார். ஆயர் அமர்கிற இடம் என்பதால் பேராலயம். ஆனால் நான் சொல்ல வருவது இந்தப் பெருமைகளை அல்ல. ஊர்க் கோயிலாக அது எப்படி இருந்தது என்பதைத்தான்.

டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருக்களில் நட்சத்திரம் ஏறிவிடும். இளைஞர்கள் ராத்திரியில் வீடுவீடாக கேரல்ஸ் பாடிக்கொண்டு வருவார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவருக்கு வியர்த்து ஊற்றும், சென்னை டிசம்பர் அப்படி. கோயிலில் குடில் கட்டுவார்கள். வைக்கோல், காகித மலை, கண்ணாடித் துண்டில் குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து. மாட்டுத் தொழுவத்தில் வாத்து எப்படி வந்தது என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, பெத்லகேமுக்கு நீ போய்ப் பார்த்தியா என்றார் உபதேசியார். அந்தக் குடிலைப் பார்க்கக் கிறிஸ்தவர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் வருவார்கள். மயிலாப்பூர் மாமிகள், ஐஸ் ஹவுஸ் பக்கமிருந்து பாய் வீட்டுப் பிள்ளைகள், நொச்சிக்குப்பம், டூமிங் குப்பம், சீனிவாசபுரத்துக்காரர்கள். குப்பத்து ஜனங்களுக்கு மாதா தனிச் சொந்தம். எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அதே கைகள் மயிலை மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும். யாருக்கும் அதில் குழப்பமில்லை.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அத்தையும் அப்படித்தான். அத்தை என்றால் உறவு இல்லை. அம்மா அவரை 'அண்ணி' என்று கூப்பிட ஆரம்பித்து, அது எங்களுக்கு அத்தையாகிவிட்டது. சீனிவாசபுரத்தில் கடலைப் பார்த்த வீடு. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் அடுக்கி, சாந்தோம் ஹைரோட்டைத் தாண்டி எங்கள் பக்கத் தெருக்களுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மகளும் கூட வருவாள். என் வயதுதான். தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பேரம் பேசும்போது அம்மா பக்கம் சாய்ந்து பேசி, தன் அம்மாவிடம் குட்டு வாங்குவாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அத்த வருசத்துக்கு ஒரு வாட்டி சாமியாரு படிக்கிறாரு, அது போதும்."

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பதினொரு வயது. பீடச்சிறுவன். அன்று விடிந்ததும் வீட்டில் பாத்திரங்கள் லேசாக ஆடின. தெருவில் சிலர் வெளியே வந்து நின்றார்கள். 'பூமி ஆடுச்சி, பாத்தியா' என்று சிரித்துக்கொண்டே பேசினார்கள். எனக்கு அது ஒரு கொண்டாட்டமாகக்கூட இருந்தது. சுமத்ரா பக்கத்தில் கடலடியில் நிலம் உடைந்தது நம் நேரப்படி காலை 6:29-க்கு. அலை சென்னைக் கரையைத் தொட்டது ஒன்பது மணியை ஒட்டி. இடையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். இந்தியாவுக்குச் சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் வந்தது 2007-ல்தான். அன்றைக்கு அந்த இரண்டரை மணி நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பூமி ஆடியது, நின்றது என்பதுதான். நான் குளித்தேன். கோயிலுக்குப் போனேன். அங்கி மாட்டினேன். தூபக் கலசத்தில் கரி பற்றவில்லை என்று திட்டு வாங்கினேன்.

கிறிஸ்மஸுக்கு அடுத்து வரும் ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. அன்றைய நற்செய்தி என்னவென்று எனக்கு நினைவில் இல்லை. வருடங்கள் கழித்து வழிபாட்டு நாட்காட்டியைத் தேடிப் பார்த்தேன். பெற்றோர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடுகிற பகுதி. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

முதலில் சத்தம்தான். திருவிழாக் கூட்டம் போல ஒரு இரைச்சல், ஆனால் அதில் ஏதோ பிசகியிருந்தது. சாக்ரிஸ்டி ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சாந்தோம் ஹைரோட்டில் ஜனங்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே திசையிலிருந்து. பாதிப் பேர் நனைந்திருந்தார்கள். ஒரு கிழவர் கையில் டிவி ரிமோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினார். "கடலு உள்ள வருது" என்று யாரோ கத்தினார்கள். சுனாமி என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. ஆழிப்பேரலை என்பதெல்லாம் பிறகு பத்திரிகைகள் கொண்டுவந்தது. அத்தை இன்றைக்கும் 'அலை வந்த அன்னிக்கு' என்றுதான் சொல்வார்.

வெளிக்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கோயிலுக்குள் செருப்போடு, சேற்றோடு, ஈரப் புடவையோடு ஜனம் நிறைந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள், பீடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பீடத்தருகே போகக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிச்சொல்லி வளர்த்த அதே பெரியவர்கள், அன்றைக்குப் பீடத் துணியை எடுத்து ஒரு குழந்தையைச் சுற்றினார்கள். எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை. குடத்திலிருந்து டம்ளரில் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டே போனேன். குடிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கடல் பக்கம் ஓடப் பார்த்திருக்கிறார், மடக்கி இழுத்துவந்திருக்கிறார்கள். திமிறினார். தண்ணீரை நீட்டினேன், தட்டிவிட்டார். அன்னக்கூடை இல்லாமல் அதுவரை அவரைப் பார்த்ததே இல்லை என்பதால், அது அத்தை என்று எனக்குத் தெரியவே இல்லை. டம்ளரைப் பொறுக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டேன்.

அன்றைக்கு அத்தை எங்கள் தெருவுக்கு மீன் விற்க வந்திருந்தார். மகள் வரவில்லை. வீட்டில் இருந்தாள். மறுநாள்தான் கிடைத்தாள்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். சென்னை மாவட்டத்துக்கான அரசுக் கணக்கு 206. நாகையோடு வைத்துப் பார்த்தால் சிறிய எண். யாரோ டிவியில் 'சென்னை தப்பித்தது' என்றுகூடச் சொன்னார்கள்.

கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை. இது உண்மை. கோயிலும் வளாகமும் சுற்றியிருந்த பள்ளிகளும் நாள்கணக்கில் குப்பத்து ஜனங்களைத் தாங்கின. பங்கு மக்கள் வீட்டுக்கு வீடு சோறு வடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து தினமும் ஒரு தூக்கு எலுமிச்சம் சாதம். கிறிஸ்மஸுக்காகச் செய்திருந்த கல்கல்லும் ரோஸ் குக்கியும் எல்லா வீட்டிலிருந்தும் வந்து குவிந்தன, எழவு வீட்டில் பலகாரம் குவிந்த மாதிரி. அதைத் தின்பதா வேண்டாமா என்று தெரியாமல் குழந்தைகள் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தன. நட்சத்திர விளக்குகளை யாரும் அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் சரி.

பிறகு கம்பம் பிரபலமானது.

பத்திரிகைகள் எழுதின. கடல் கம்பத்தைத் தாண்டவில்லை, தோமையார் வாக்கு பலித்தது என்று பேச்சு கிளம்பியது. கேரளத்திலிருந்தும் தெற்கேயிருந்தும் வேன் வேனாக வந்தார்கள். 2005 மே விடுமுறையில் எனக்கு ஒரு புதுத் தொழில் கிடைத்தது. வருகிறவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவேன். யாரும் என்னை நியமிக்கவில்லை, நானாகச் செய்துகொண்டது. "உலகத்துலயே அப்போஸ்தலர் கல்லறை மேல கட்டுன கோயிலு மூணே மூணுதான்னு சொல்லுவாங்க. ரோம்ல ராயப்பர், ஸ்பெயின்ல யாகப்பர், இங்க எங்க தோமையார்" என்று ஆரம்பிப்பேன். அப்புறம் பீடத்துக்குப் பின்னால் உள்ள வண்ணக் கண்ணாடி. உயிர்த்து வந்த ஆண்டவரின் காயத்தைத் தோமையார் தொட்டுப் பார்க்கிற காட்சி. அப்புறம் கல்லறை. கடைசியாகக் கம்பம். அங்கேதான் காசு. ஐந்து ரூபாய், பத்து ரூபாய், சிலசமயம் மிட்டாய்.

கதை சொல்லச் சொல்ல வளரும் என்பதை அந்த வயதிலேயே கண்டுகொண்டேன். முதல் வாரம், அலை கம்பம் வரைக்கும் வந்து நின்றது. இரண்டாம் வாரம், கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மூன்றாம் வாரம், தென்னை மர உசரத்துக்கு வந்த அலை, கம்பத்தைப் பார்த்ததும் பாம்பு படம் சுருக்குகிற மாதிரி சுருங்கி, மண்டியிட்டுவிட்டு, பின்வாங்கியது. இதை நான் பார்த்ததாகவும் சொன்னேன். நான் பார்த்தது சாக்ரிஸ்டி ஜன்னல் வழியாக ஒரு கிழவரையும் ரிமோட்டையும். அதையெல்லாம் யார் காசு கொடுத்துக் கேட்பார்கள்?

ஒருநாள் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. பாம்புப் படத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இருபது ரூபாய் கொடுத்தார். "இந்தாண்ட ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு சொட்டுத் தண்ணி வரல" என்று முடித்தேன். அவர்கள் நகர்ந்ததும்தான் பார்த்தேன், சுவரோர நிழலில் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரமாக இருந்திருக்க வேண்டும். மீன் மேல் ஈரத் துணி போட்டிருந்தார்.

கோபம் இல்லை அவர் முகத்தில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஏன் கண்ணு, என் வூடு கம்பத்துக்கு அந்தாண்ட இருக்குதுன்னு அவருக்குத் தெரியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. இருபது ரூபாய் கையில் இருந்தது. திரும்பி நடந்து, பிறகு ஓடினேன். அந்தக் கதையை அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொன்னதில்லை. அத்தை வீட்டு வாசலில் வந்து குரல் கொடுத்தால் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வேன். கொஞ்ச நாளில் அந்தச் சிரமமும் இல்லாமல் போனது. கடலோரத்தில் வீடு இழந்த குடும்பங்களுக்குச் செம்மஞ்சேரியில் வாரிய வீடுகள் கொடுத்தார்கள். அத்தையும் போனார். சொந்தக் கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தெற்கே, ஒரு மீன்காரக் குடும்பத்தைக் கொண்டுபோய் வைப்பதன் அர்த்தம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிழைப்பு கடலில், படுக்கை அங்கே. பலர் திரும்பி வந்துவிட்டார்கள். அத்தை வரவில்லை. அங்கேயே இட்லிக் கடை போட்டுவிட்டார்.

அவர் கேட்ட கேள்வியைப் பெரியவனானதும் நான் எனக்கு வசதியான மொழியில் மாற்றிக்கொண்டேன். சாந்தோம் ஹைரோடு ஓடுவது பழைய மணல்மேட்டின் மேல். கோயிலும் அந்த மேட்டில்தான் நிற்கிறது. போர்ச்சுகீசியர் வந்தபோதும் மேட்டைப் பார்த்துத்தான் வீடும் கோட்டையும் கட்டினார்கள். வெள்ளைக்காரனும் அப்படியே. கடலுக்கும் மேட்டுக்கும் நடுவிலிருந்த தாழ்ந்த மணல், கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியவர்களுக்கு மிஞ்சியது. காற்று திரும்புகிறதா, தண்ணீர் நிறம் மாறுகிறதா என்று வாசலில் நின்றே பார்க்க வேண்டுமல்லவா. அலை தாழ்ந்த இடத்தை நிரப்பியது, மேட்டில் ஏறவில்லை. இதில் அற்புதத்துக்கு என்ன வேலை என்று கல்லூரியில் நண்பர்களிடம் வாதிட்டிருக்கிறேன். வாதம் சரிதான். ஆனால் அது அத்தையின் கேள்விக்குப் பதில் இல்லை. அவர் நில அமைப்பைக் கேட்கவில்லை.

வருடா வருடம் டிசம்பர் 26 அன்று அவர் கோயிலுக்கு வருகிறார் என்பதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்தால் எங்கள் வீட்டில் ஒரு காபி. ஏதோ ஒரு சாக்குச் சொல்லி நான் ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு ஊரில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். பெங்களூரில் வேலை, ரிலீஸ், நண்பன் கல்யாணம். இருபதாம் வருடம், 2024-ல், அம்மா போனில் நேராகவே கேட்டார். "அவங்க உன்ன கேக்கறாங்கடா ஒவ்வொரு வாட்டியும். நீ என்ன அவங்ககிட்ட கடனா வாங்கிருக்க?"

கிளம்பி வந்தேன்.

அன்று வியாழக்கிழமை. காலையில் பட்டினப்பாக்கம் கரைக்குப் போனோம், அத்தை, அவர் மகன் வயிற்றுப் பேத்தி, நான். பேத்திக்கு ஒன்பது வயது. அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லை. படகுகள் கரையில் வரிசையாகக் கிடந்தன. பெண்கள் சொம்பில் பால் கொண்டுவந்து அலையில் ஊற்றினார்கள், பூ விட்டார்கள். கறுப்புக் கொடி, ஒலிபெருக்கி, டிவி மைக்குகள். ஒரு மைக் அத்தையை நோக்கி வந்தது. "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது சார்" என்று முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். பாலை ஊற்றினார். அழவில்லை. அலை பாலைக் கலைத்துக்கொண்டு போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தொட்டா கடிக்குமான்னு கேப்பா சின்னப்ப" என்றார். கடலைச் சொல்கிறாரா என்று கேட்க நினைத்து, விட்டுவிட்டேன்.

பிறகு கோயில். பூசைக்கு நேரமிருந்தது. நேராகக் குடிலுக்குப் போனார். இப்போதெல்லாம் குடில் பெரிதாகிவிட்டது, எல்.இ.டி. விளக்குகள், மோட்டார் வைத்த நீர்வீழ்ச்சி. வாத்து இருக்கிறதா என்று என் கண் தேடியது. அத்தை கைகூப்பி நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பேத்தி ஆட்டுக்குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"முந்தின நா ராத்திரி இத்த பாக்கணும்னு ஒரே அடம்" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல். "கூட்டினு வந்தேன். இங்கியே நின்னுக்கினு வர மாட்டேன்றா. அந்த கொயந்தைக்கு போர்வ இல்லியே, குளிராதான்றா. பதினொரு மணி ஆயிட்ச்சி வூட்டுக்குப் போக. காலைல எயுப்பலாம்னு போனேன். வாயத் தொறந்துனு தூங்குறா. சரி தூங்கட்டும், ஒரு நாளு நம்பளே தராச புடிச்சிக்கலாம்னு..." அதற்குமேல் சொல்லவில்லை.

இருபது வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தது என் கதையைப் பற்றி. பாம்புப் படம், இருபது ரூபாய். அவர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார் என்று நினைத்திருந்தேன். கோயிலுக்குக் கூட்டி வந்ததால் தூங்கினாள், தூங்கியதால் வீட்டில் இருந்தாள் என்ற கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதே கோயில்தான் அவரைப் பிடித்து வைத்தும் இருந்தது, இதே குடிலுக்குப் பக்கத்தில், நாலு பேர் கையால். அப்படியிருந்தும் இருபது வருடமாக இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறார். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"வேற எங்க போறது? அவ கடைசியா சிரிச்ச எடம் இதுதான. வூடுதான் இல்லியே."

பூசை தொடங்குமுன் கருத்துகளை வாசித்தார்கள். பூசைக் கருத்து வாசிப்பைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு பங்கின் மொத்த வாழ்க்கையும் அதில் வந்துவிடும். இன்னாரின் பிறந்தநாள் நன்றியாக. இன்னார் தம்பதியரின் இருபத்தைந்தாம் திருமண ஆண்டு நன்றியாக. விசா கிடைத்ததற்கு நன்றியாக. அறுவை சிகிச்சை நல்லபடி முடிய. இடையிடையே, இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. எல்லாம் ஒரே குரலில், ஏற்ற இறக்கமின்றி. மகிழ்ச்சிக்கு ஒரு பட்டியல், சாவுக்கு ஒரு பட்டியல் என்று பிரிப்பதில்லை. அலையில் போனவர்களுக்காகப் பொதுவாக ஒரு வரி வந்தது. அப்புறம் தனியாக அவள் பெயர். ஞானஸ்நானப் பெயர் அல்ல, குலசாமி பெயர். யாரோ ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் வேறு யாரோ ஒருவர் பேரனின் பிறந்தநாளுக்கும் நடுவில் வந்து போனது. இரண்டு நொடி இருக்கும். அத்தை அந்த இரண்டு நொடிக்குக் கண்ணை மூடியிருந்தார். பிறகு திறந்து, பேத்தியின் பின்னலைச் சரிசெய்தார்.

பூசை முடிந்து கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்கினோம். கோயிலுக்குள் போகாமல் வெளியிலிருந்தே இறங்க இப்போது தனிவழி உண்டு. கீழே குளிராக, அமைதியாக இருக்கும். அத்தை மடியிலிருந்து மல்லிச் சரத்தை எடுத்து வைத்தார். மகளுக்குக் கல்லறைக் கல் என்று ஒன்றும் இல்லை. அவசரத்தில் புதைத்த இடம், இப்போது அடையாளமே தெரியாது. "இது ஒரு பெரியவரு கல்லற. யாரு கல்லறயா இருந்தா இன்னா, பூ வெக்க ஒரு எடம் வோணும்ல" என்றார். தோமையார் சந்தேகப்பட்டவர் என்பதும், தொட்டுப் பார்த்துத்தான் நம்பினார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடிப் படத்தைக் காட்டி யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஒருவேளை நானேகூட. "நானும் அந்தக் கம்பத்த ஒரு வாட்டி தொட்டுப் பாத்தேன் தம்பி. மரந்தான்."

மன்னிப்புக் கேட்க நான் தயாராகத்தான் வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதே வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். படியேறும்போது சொன்னேன், சின்ன வயதில் கம்பத்துகிட்ட நான் கதை சொல்லிக் காசு வாங்குவேன், ஒருநாள் நீங்கள் கேட்டீர்கள் என்று. அவருக்கு நினைவிருக்கிறதா என்று பார்த்தேன். அவர் யோசித்தார்.

"நீயா அது? யாரோ ஒரு பையன் சொல்லினு இருந்தான். நல்லா சொன்னான்." சற்றுப் பொறுத்து, "அதுக்கா நீ மீன் வாங்க வரவே மாட்டே?" என்று கேட்டார்.

பேத்தி கம்பத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூவரும் பின்பக்கம் நடந்தோம். யாத்ரீகர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. அதே சுவரோரம் ஒரு துண்டு நிழல் இருந்தது, அத்தை அதில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வயிற்றை என்னவோ செய்தது.

"அந்தக் கதைய இவளுக்கு சொல்லு தம்பி" என்றார்.

சொன்னேன். மரம், யானைகள், இடுப்புக் கச்சை, ஆட்டுக்குட்டி. பேத்திக்கு ஆட்டுக்குட்டி பிடித்தது, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். தோமையார் கம்பத்தை நட்டது வரைக்கும் வந்தேன். கடல் இதைத் தாண்டி வராது என்று அவர் சொன்னதாகச் சொல்கிறார்கள் என்றேன். அங்கே நிறுத்திவிட்டேன்.

"அப்புறம் கடலு வந்துச்சா?" என்று கேட்டாள் அவள்.

நான் அத்தையைப் பார்த்தேன்.

"வந்துச்சி" என்றார் அத்தை. "நம்ம வூடு வரிக்கும் வந்துச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் இவங்கல்லாம் கோயிலத் தொறந்து வுட்டாங்க. இந்த அண்ணன் எனக்கு தண்ணி குடுத்துச்சி."

தட்டிவிட்ட டம்ளர் அவருக்கு நினைவிருந்தது. அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். மத்தியானக் கடைக்கு மாவு அரைக்க வேண்டும், வெயிலுக்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டும் என்றார். அம்மா காபி போட்டு வைத்திருப்பார் என்று நான் சொன்னதற்கு, சரி, சக்கரை கம்மியாகப் போடச் சொல் என்றார். பேத்தி கம்பத்தைச் சுற்றி ஒருமுறை ஓடி வந்தாள். பிறகு ரோட்டைத் தாண்ட மூவரும் காத்து நின்றோம்.